பின்கட்டுப் பட்டறைக்குப் பெரிய மேசை: ஒன்றாகவா, இரண்டாகவா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பள்ளத்தூரில் தாத்தா கட்டிய வீட்டின் மூன்றாம் கட்டில் சின்னதாக ஒரு பட்டறை போடப் போகிறீர்கள். முக்கியமாக மரவேலை, கூடவே ஃபேன், மிக்சி பழுது, கொஞ்சம் இரும்பு வேலை, எப்போதாவது ஒரு முழு பிளைவுட் ஷீட் அறுப்பது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 8 அடிக்கு 4 அடியில் ஒரே பெரிய மேசை போடலாமா, என்ன மரம், எவ்வளவு உயரம், வீட்டில் கிடக்கும் பழைய தேக்கை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

8க்கு 4 மேசை வேண்டாம். 7 அடி நீளம், 2 அடி அகலத்தில் இரண்டு மேசைகள் போடுங்கள். இரண்டும் ஒரே உயரம். ஒன்று யானை மாதிரி, இடத்தை விட்டு அசையக் கூடாது. மற்றது சக்கரம் வைத்தது, கூப்பிட்ட இடத்துக்கு வர வேண்டும். ஷீட் அறுக்கும் நாளில் இரண்டையும் ஒட்டிப் போட்டால் 7க்கு 4 ஆகிவிடும். 8 அடி ஷீட் இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. மேசை முன்னால் நின்றுகொண்டு கையை நீட்டிப் பாருங்கள். வசதியாக வேலை செய்ய எட்டுவது இரண்டடி, இரண்டேகால் அடி. 4 அடி மேசையைச் சுவரோரம் போட்டால் பின்பாதி பரணாகிவிடும்: காலி பெயின்ட் டப்பா, பழைய ஸ்விட்ச், யாரோ கொண்டுவந்து வைத்த டேபிள் ஃபேன். நடுவில் போட்டால் சுற்றிலும் மூன்றடி நடக்க இடம் வேண்டும், அதாவது 14க்கு 10 அடி இடம் மேசைக்கே போய்விடும். இன்னொன்று, மேசை வெளியே வர வேண்டிய நாள் ஒன்று வரும். நம் வீடுகளில் தலைவாசல்தான் அகலம். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள உள்வீடுகளின் கதவுகளும் பின்கட்டுக் கதவுகளும் குனிந்து போகிற அளவுதான். என் முதல் மேசையை அறைக்குள்ளேயே வைத்துச் செய்தேன். வீட்டில் ஒரு கல்யாணம் வந்தபோது அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். மேசை கதவு நிலையைத் தாண்டவில்லை. கழுந்து (துளைக்குள் செருகும் கட்டை முனை) போட்டு, ஃபெவிகால் வைத்து இறுக்கிய மேசை, பிரிக்கவும் முடியாது. கடைசியில் அதன் மேல் ஒரு ஜமக்காளத்தை விரித்து, சீர்வரிசைப் பாத்திரங்களை அடுக்கினோம். ஆச்சி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதனால் பெரிய மேசையும் பிரித்து மாட்டுகிற மாதிரிதான் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன். முதலில் மரம்.

கனம்தான் இந்த மேசையின் குணம். இழைப்புளி போடும்போது மேசை உங்களோடு சேர்ந்து நகர்ந்தால் உங்கள் உழைப்பில் பாதி தரைக்குப் போகிறது. தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ. 7 அடிக்கு 2 அடி, 3 அங்குலக் கனத்தில் மேல்பலகை போட்டால் அது 3.5 கன அடி, கிட்டத்தட்ட 63 கிலோ. 4 அங்குலச் சதுரத்தில் நாலு கால்கள் ஒன்றேகால் கன அடிக்குள் வரும். நெடுக்குச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேர்ந்து ஒன்றரை. ஆக ஆறு, ஆறேகால் கன அடி. இழைப்பில் போவது, ஆணி ஓட்டை, உளுத்த முனை எல்லாம் கழித்துப் பார்த்தால் எட்டு கன அடி மரம் கையில் இருக்க வேண்டும். செய்து முடித்ததும் மேசை 110 கிலோ நிற்கும், வைஸ் (பலகையை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) தனி. அதுவும் போதாது என்றால் அடித்தட்டில் பழைய அம்மியையோ ஆட்டுக்கல்லையோ தூக்கி வையுங்கள். மூன்றாம் கட்டில் அது இல்லாத வீடு நம் பக்கத்தில் இருக்காது.

பழைய தேக்கைப் பற்றி. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்த மரம்தான் இந்த வீடுகளின் தூண், உத்திரம், நிலை எல்லாம். நூறு வருஷம் கூரைக்கடியில் கிடந்து காய்ந்த மரம் என்பதால், இனிமேல் காய்ந்து முறுக்குவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. மேசைக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது. ஆனால் ஒரு வேண்டுகோள். செதுக்கு வேலை உள்ள நிலை, கதவு, போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை) எதையும் அறுக்காதீர்கள். உடைந்த பின்கட்டின் கைமரம், ஜன்னல் சட்டம், பரண் கட்டை போன்றவையே மேசைக்குத் தாராளம். வீட்டில் இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே கண்ணாடிக்கும் பீங்கானுக்கும்தான் கூட்டம். வேலைப்பாடு இல்லாத கட்டை வேண்டும் என்று விசாரித்தால் பிரித்த வீட்டு மரம் எங்கே கிடக்கிறது என்று வழி சொல்வார்கள்.

வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தமே போதும், நூலில் கட்டிக் கட்டையின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே போனால் தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி இருக்கும் இடத்தில் சாய்ந்து ஒட்டும். அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிடுங்கள். ஆணி இருக்கும் கட்டையை அறுப்பு மில்லில் தொடவே மாட்டார்கள், தொட்டால் பிளேடு காசு உங்கள் தலையில். தேக்கில் இயற்கையாகவே மணல்சத்து உண்டு, அதனால் ஆணி இல்லாவிட்டாலும் உளி சீக்கிரம் மழுங்கும். தீட்டுக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கு எட்டு கன அடி கிடைக்கவில்லையா? மேல்பலகைக்கு மட்டும் தேக்கு, கால்களுக்கும் சட்டங்களுக்கும் வேம்பு. வேப்பமரம் வெட்டியதும் கோணிக்கொள்ளும், ஆனால் இரண்டு வருஷம் நிழலில் கிடந்து காய்ந்தது என்றால் நல்ல கனம், பூச்சி தொடுவதும் குறைவு. மரவாடியில் கோங்கு கிடைத்தால் அதுவும் சரி. மாம்பலகை வேண்டவே வேண்டாம், உளுத்துப் போகும்.

மேல்பலகையை ஒரே அகலப் பலகையாகத் தேடி அலையாதீர்கள். 3 அங்குலச் சதுரச் சட்டங்கள் எட்டு, பக்கம் பக்கமாக ஒட்டினால் 24 அங்குலம். இது ஒரு ஆளால் ஆகிற வேலை. ஒரே நாளில் எட்டையும் ஒட்ட நினைத்தால் கிளாம்ப் மாட்டுவதற்குள் பசை பிடித்துவிடும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். இரண்டிரண்டாக ஒட்டி நாலு ஜோடி, அப்புறம் அந்த நாலை இரண்டாக்கி, கடைசியில் ஒன்றாக்குங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இழைத்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் பிடிக்கும். நேற்று இழைத்து வைத்ததை இன்றைக்கு ஒட்டக் கூடாது.

ஒட்டும் முன் ஒவ்வொரு சட்டத்திலும் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, எல்லாம் ஒரே பக்கம் ஓடுகிற மாதிரி அடுக்குங்கள். எனக்கு உதவிக்கு வந்த ஆசாரி ஒருவர் இதைப் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சட்டத்தின் பக்கவாட்டில் இரண்டு இழைப்பு போடுவார், கட்டைவிரலை எச்சில் தொட்டு அந்த இடத்தில் தேய்ப்பார், ஈரத்தில் இழை கறுத்துத் தெரியும். உடனே நுனியில் பென்சிலால் ஒரு அம்புக்குறி. எட்டுச் சட்டத்துக்கும் எட்டு அம்பு. அதற்கப்புறம் அடுக்குவது குழந்தை விளையாட்டு. இதைச் செய்யாமல் ஒட்டினால் மேல்பலகையை இழைக்கும்போது ஒரு சட்டம் வழுவழுவென்று வரும், பக்கத்துச் சட்டம் பெயர்ந்து பெயர்ந்து வரும்.

ஒட்டி முடிந்ததும் முறுக்கு பார்க்க வேண்டும். நேரான இரண்டு ரீப்பர்களை மேசையின் இரண்டு முனைகளிலும் குறுக்கே வையுங்கள். ஒரு முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் உள்ள ரீப்பரின் மேல்விளிம்பு வழியாகப் பின்னால் உள்ளதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. ஒரு பக்கம் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) உயர்ந்து தெரிந்தால் அந்த மூலையில் இழைப்பு. ரசமட்டத்தை நம்பி இதைச் செய்யாதீர்கள். அது தரைக்கு மட்டம் சொல்லும், முறுக்கைச் சரியாகக் காட்டாது.

உயரம். புத்தக அளவு எதுவும் வேண்டாம். வேலை செய்யும்போது போடும் செருப்போடு நில்லுங்கள், கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டை மடக்கி உள்ளங்கையைத் தரைக்கு இணையாக வையுங்கள். தரையிலிருந்து உள்ளங்கை வரை எவ்வளவோ அதுதான் இழைப்பு வேலைக்கு உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 32 அங்குலம் பக்கம் வரும். சமையல் மேடை உயரத்தில் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் இழைத்தால் தோள்பட்டை இரண்டே நாளில் கதறும், உடம்பின் பாரத்தை இழைப்புளி மேல் இறக்க முடியாது.

ஆனால் ஃபேன் காயில், சால்டரிங், சின்னச் செதுக்கு வேலைக்கு 32 அங்குலம் தாழ்வு, கழுத்து வலிக்கும். அதற்காக மேசையை உயர்த்தாதீர்கள். 7 அங்குல உயரத்தில், 2 அடிக்கு 1 அடியில் பெட்டி மாதிரி ஒரு மேல்மேசை செய்துகொண்டு, வேண்டும்போது தூக்கி வைத்துக் கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் மின்வேலைக்கு அதுவே மேசை. சுற்றிலும் அரை அங்குல விளிம்பு அடித்துவிட்டால் ஸ்க்ரூ உருண்டு ஓடாது. இரும்பு வைஸையும் இதே வழியில் வைக்கலாம்: 4 அங்குல வைஸை ஒரு கனத்த கட்டையில் போல்ட் போட்டு, அந்தக் கட்டையை மரவேலை வைஸில் கடிக்கவிடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி அடித்தட்டில் வைத்துவிடலாம். நிரந்தரமாக மேசையில் மாட்டினால் ஷீட் போடும் நாளெல்லாம் அது தடுக்கும். பலவேலை மேசை என்பதற்கு நான் கண்ட அர்த்தம் இதுதான். வெல்டிங் மட்டும் இந்தப் பக்கமே வேண்டாம், அதை முற்றத்தில் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். மரச்சுருளும் தீப்பொறியும் ஒரே கூரைக்கடியில் இருக்கக் கூடாது.

இனி தரை, நம் வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. மூன்றாம் கட்டுத் தரை மழைத்தண்ணீர் முற்றத்துக்கு ஓட வாட்டம் கொடுத்துப் போட்டது. 7 அடி நீளத்தில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் இறங்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் இன்னும் கவனம். அது சூளையில் சுட்ட கல் கிடையாது, கண்ணாடி மேல் வர்ணக்கலவை ஊற்றி, சிமென்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மேலே நடக்க நடக்க மெருகேறும், ஆனால் ஒரே புள்ளியில் பாரம் விழுந்து அடியில் பொள்ளலாகவும் இருந்தால் விரிசல் விட்டுவிடும். நான் கால்களை நேரே தரையில் நிறுத்தி, மேலே கொட்டாப்புளியால் உளி அடித்தேன். மூன்றாம் வாரம் ஒரு கல்லில் மூலைக்கு மூலை கோடு. ஆத்தங்குடிக்கே போய் அதே பூவில் புதுக்கல் வாங்கி வந்தும் சிவப்பு சேரவில்லை, பழைய கல்லுக்கு நடுவே அது இன்றைக்கும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

முகப்புத் தூண்களைப் பாருங்கள். மரத்தூண் எதுவும் நேரே தரையைத் தொடாது, அடியில் கருங்கல் இருக்கும். அதையே செய்யுங்கள். 8 அங்குலச் சதுரம், 2 அங்குலக் கனத்தில் நாலு கருங்கல் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் மெல்லிய ரப்பர் ஷீட். பாரம் பரவும், தரை கழுவும் தண்ணீர் காலில் ஏறாது, கரையான் ஏறினால் கல்லின் மேல் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். கல்லின் இரண்டு அங்குலத்தையும் கால் உயரத்தில் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். மட்டம் எடுக்க, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். நாலு கல்லிலும் தண்ணீர்க் கோடு எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதை அந்தந்தக் காலில் சேர்த்து அறுங்கள். எந்தக் கால் எந்தக் கல்லுக்கு என்று எண் போட்டுவிடுங்கள். இது அந்த இடத்துக்கென்று பிறந்த மேசை.

கால்களின் அடியில் முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு பூச்சு பூசுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

கூட்டு வேலைக்கு வருகிறேன். இடப்பக்க இரண்டு கால்களையும் இரண்டு குறுக்குச் சட்டங்களால் கழுந்தும் துளையும் போட்டு, பசை வைத்து, மூங்கில் ஆணி அடித்து நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். வலப்பக்கமும் அப்படியே. ஏணி மாதிரி இரண்டு கிடைக்கும். இந்த இரண்டு ஏணியையும் இணைக்கும் நெடுக்குச் சட்டங்களுக்குப் பசை கூடாது. முக்கால் அங்குலக் குட்டைக் கழுந்து மட்டும் வைத்து, காலின் வெளிப்பக்கத்திலிருந்து அரை அங்குல போல்ட் ஒன்று சட்டத்துக்குள் ஆறு அங்குலம் போகட்டும். சட்டத்தின் உட்பக்கத்தில் நட்டுக்கு ஒரு சதுரக் குழி. வாஷர் பெரிதாக இருக்கட்டும். கல்யாணம் வந்தால் மேல்பலகை ஸ்க்ரூக்களையும் இந்த நாலு போல்ட்டையும் கழற்றினால் போதும்! ஒவ்வொரு பக்கமும் சேர்த்தவுடன் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலை சரி.

மேல்பலகையைக் கால்களோடு இறுக்கிக் கட்டிப்போடக் கூடாது. எவ்வளவு பழைய தேக்கானாலும் ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்து அகலும், பங்குனியில் சுருங்கும். 2 அடி அகலத்தில் மூன்று நாலு மில்லி போய் வரும். முன்பக்கம் கெட்டியான துளையில் ஸ்க்ரூ, பின்பக்கம் நீள்துளையில் ஸ்க்ரூ என்று போட்டால் முன்விளிம்பு அசையாது, மாற்றமெல்லாம் பின்னால் போகும். தேக்கில் இரும்பு அவ்வளவாகத் துருப்பிடிக்காது. வேம்பில் அந்தத் தைரியம் வேண்டாம், எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள். உலோக அரிப்பை ஆராய்கிற சிக்ரி ஆய்வகம் இருக்கும் காரைக்குடிப் பக்கத்தில் துருப்பிடித்த மேசை நமக்கு அழகில்லை.

வைஸ் முன்பக்கம் இடது கோடியில், நீங்கள் இடக்கைக்காரர் என்றால் வலது கோடியில். உள்தாடை மேசை விளிம்போடு ஒரே முகமாக இருக்க வேண்டும், அதற்கு விளிம்பைக் கொஞ்சம் குடைந்து உள்ளே தள்ளி மாட்டுங்கள். இல்லாவிட்டால் நீளப் பலகையை விளிம்போடு சேர்த்துப் பிடிக்க முடியாது. இரும்புத் தாடை மேல்பலகைக்கு அரை அங்குலம் கீழே இருக்கட்டும், உளி தப்பினால் மரத்தில் படும், இரும்பில் படாது. வைஸுக்கு நேராக மேல்பலகையில் 4 அங்குலத்துக்கு ஒன்றாக 19 மில்லி ஓட்டைகள் ஒரு வரிசை. அதில் கட்டை முளைகளைச் செருகி, வைஸுக்கும் முளைக்கும் நடுவே பலகையைப் படுக்க வைத்துப் பிடிக்கலாம். ஓட்டைகளை முதல் நாளே இருபது போட வேண்டியதில்லை, வேலை கேட்கக் கேட்கப் போடுங்கள்.

டிராயர் ஆசையைத் தள்ளிவையுங்கள். மேல்பலகைக்குக் கீழே எட்டு அங்குலம் காலியாக இருந்தால்தான் விளிம்பில் எங்கு வேண்டுமானாலும் கிளாம்ப் மாட்டலாம், முளையைக் கீழிருந்து தட்டி எடுக்கலாம்.

சக்கர மேசைக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. பக்கத்து வெல்டிங் கடையில் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள், மேலே 19 மில்லி பிளைவுட் இரண்டு அடுக்கு, ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக வாங்கினால் மழைச்சாரலுக்குப் பயமில்லை. 4 அங்குலப் பூட்டுச் சக்கரம், அதைவிடச் சின்னது போட்டால் கல் இடுக்கில் மாட்டும். சக்கரத்துக்கு மேலே உயரம் கூட்டிக் குறைக்க லெவல் போல்ட் வையுங்கள். வருஷம் ஒருமுறை பெரிய மேசையை இழைத்துச் சமன் செய்யும்போது அது ஒரு நூல் தாழும், இதையும் கூடவே தாழ்த்த வேண்டும். ஷீட் அறுக்கும்போது இரண்டு மேசைக்கும் குறுக்கே நாலு மலிவு ரீப்பர் போட்டு அதன் மேல் ஷீட்டை வையுங்கள், பிளேடு ரீப்பரைக் கீறட்டும்.

வெளிச்சம் முற்றத்திலிருந்து இடப்பக்கமாக வருகிற மாதிரி போடுங்கள், ஆனால் சாரல் எட்டாத அளவுக்கு உள்ளே. மின்சாரத்துக்குப் பழைய வயரில் கிளை எடுக்காதீர்கள். மெயின் போர்டிலிருந்து தனி வயர், 16 ஆம்பியர் பிளக், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான். சர்க்குலர் ரம்பம் 1200 வாட்டுக்கு மேல் இழுக்கும், பழைய வயர் அதைத் தாங்காது.

பூச்சு என்று வார்னிஷ் அடிக்க வேண்டாம், பலகை வழுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஒரு கை போதும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெயிலில் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

கடைசியாக, மிச்சமான மரத்தில் 3 அடிக்கு 1 அடி, 5 அங்குல உயரத்தில் ஒரு மணைக்கட்டை செய்துவிடுங்கள். நான் சொன்ன ஆசாரி என் பெரிய மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், நல்லா இருக்கு தம்பி என்றார். அப்புறம் ஒரு துண்டுக் கட்டையைத் தரையில் போட்டு, அதன் முன் உட்கார்ந்து, பலகையைக் குதிகாலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு துளை வெட்ட ஆரம்பித்துவிட்டார். நான் நின்றுகொண்டு இரண்டு துளை முடிப்பதற்குள் அவர் ஐந்து முடித்திருந்தார்.